மாயா பானைகள்: ஓவியத்தைப் பார்ப்பதா, மண்ணைப் பார்ப்பதா? அன்னா ஷெப்பர்டை முன்வைத்து ஒரு விவாதம்

ஓட்டுச்சில்லு (இழையைத் தொடங்கியவர்)

மாயா நாகரிகம் என்று பேச்செடுத்தாலே பிரமிடு, நாட்காட்டி, 2012-இல் அழியாமல் போன உலகம், அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இங்கே அதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு ஆராய்ச்சியாளரைப் பற்றிப் பேசுவோம்: அன்னா ஷெப்பர்ட். 1903-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர், 1971-இல் மறைந்தவர். கல்லறையைத் திறந்து பத்திரிகையில் படம் வந்தவர் அல்ல. வேலைநாளில் பெரும்பகுதியை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து பானை ஓடுகளைப் பார்த்தே கழித்தவர்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1926-இல் பட்டம். பிறகு சான் டியேகோ அருங்காட்சியகத்தில் வேலை, நியூ மெக்சிகோவில் களப்பணி. அங்கேதான் தொல்லியலாளர் ஆல்ஃப்ரெட் கிட்டரின் பெகோஸ் பானைகள் அவர் கைக்கு வந்தன. பெகோஸ் மாயா ஊர் இல்லை, நியூ மெக்சிகோவின் பழைய பியூப்ளோ பழங்குடி ஊர். ஆனால் அவருடைய முறை உருவானது அங்கே என்பதால் சொல்லாமல் தாண்ட முடியாது.

கிட்டர் 1915 முதல் 1929 வரை பெகோஸைத் தோண்டியவர். ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டிய பானையைத் தானே செய்துகொண்டது, வெளியூர்ப் பானை அபூர்வம் என்பதுதான் அந்தக் காலத்துத் தொல்லியலாளர்களின் பொது நம்பிக்கை. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவு இயல்பாகப் பட்டது. ஷெப்பர்ட் ஓடுகளை உடைத்து உள்ளே பார்த்தார். மெருகு வண்ணம் தீட்டிய பானைகள் பலவற்றின் மண்ணோடு, பெகோஸ் சுற்றுவட்டாரத்தில் கிடைக்காத எரிமலைப் பாறைத் துணுக்குகள் கலந்திருந்தன. ஒன்றிரண்டு ஓடுகளில் அல்ல, குவியல் குவியலாக. அதாவது பானைகள் வேறு ஊர்களில் செய்யப்பட்டு பெகோஸுக்கு வந்திருக்கின்றன. 1936-இல் இது அச்சில் வந்தது. கிட்டர் ஏற்றுக்கொண்டார். மற்றவர்கள் பலருக்கு இதன் பொருள் உறைக்கவே பல ஆண்டுகள் ஆயின.

அதன்பின் வாஷிங்டன் கார்னெகி நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு மாயா ஆய்வில் அவர்கள்தான் பெரிய கை. வஷாக்துன், சிச்சென் இட்ஸா, காமினல்ஹுயு எல்லாம் அவர்கள் தோண்டிய இடங்கள். ஷெப்பர்ட் கொலராடோவின் போல்டரில் தன் ஆய்வுக்கூடத்தை வைத்துக்கொண்டார். அப்பா தொழில் வேதியியலாளர், மகளின் சோதனைகளில் துணைக்கு நின்றார். மாயா நிலத்து ஓடுகள் அந்த மலையூருக்கு வந்து சேர்ந்தன.

என் கட்சி இதுதான்: மாயா பானைகளைப் பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் பாதி, அந்த வண்ண ஓவியங்களிலிருந்து வந்ததல்ல. மண்ணோடு கலந்த பருக்கையிலிருந்து வந்தது. மறுப்பவர்கள் வரலாம்.

கோட்டோவியம்

வந்துவிட்டேன் அக்கா. மறுக்கத்தான் வந்தேன்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் குவளையைப் பார்த்திருக்கிறீர்களா? ஜஸ்டின் கெர் எடுத்த படங்களின் வரிசையில் அது கே511. அரியணையில் ஒரு கிழ தெய்வம் உட்கார்ந்து பெண்ணொருத்தியின் கையில் காப்பு கட்டுகிறார். சுற்றிலும் பெண்கள். ஒருத்தி உயரத்திலிருந்து பானத்தை இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றுகிறாள், நுரை வரட்டும் என்று. இந்தப் பக்கம் முகமூடி அணிந்த இருவர் கட்டுண்ட ஒருவனின் தலையை வெட்டுகிறார்கள். அதை ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவளின் காலைத் தட்டுகிறாள். கீழே ஒரு முயல், சிறுத்தைத் தோல் போர்த்திய ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலைத் தட்டுகிற விரலை எந்த மைக்ராஸ்கோப் காட்டும்? மாயாக்களின் அரசவை எப்படி இருந்தது, எதைக் குடித்தார்கள், எப்படி உட்கார்ந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் எல்லாமே இந்தக் குவளைகளில்தான் இருக்கிறது. ஏடுகள் நான்குதான் மிஞ்சியிருக்கின்றன, அவையும் பிற்காலத்தவை. கி.பி. 600 முதல் 900 வரையான காலத்துக்குக் குவளைதான் ஏடு.

கெர் செய்ததையும் சொல்லவேண்டும். உருளையான குவளையைச் சுழல்மேசையில் வைத்து, அது சுழலும் வேகத்துக்கே ஃபிலிமும் நகரும்படி கேமராவை அமைத்தார், 1970-களில். சுற்றிவரும் காட்சி முழுவதும் ஒரே நீளப்படமாக விரிந்துவிடும். அதற்கு முன்னால் குவளையைக் கையில் எடுத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்க வாய்த்தவர்கள் எத்தனை பேர்?

மெரினாக்காற்று

இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்கு அடிப்படையே தெரியாது, கேட்டுவிடுகிறேன். பானை மண்ணில் ஏன் எதையாவது கலக்கவேண்டும்? அதை வைத்து ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பாறைக்கண்

தம்பி, இதற்கு நான் சொல்கிறேன், என் தொழில் பாறைதான்.

வெறும் களிமண்ணில் பானை வனைந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும், சுடும்போதும் வெடிக்கும். அதனால் மணல், பொடித்த பாறை, சாம்பல், பழைய ஓட்டுத்தூள் என்று ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். குயவர் அதைத் தொலைவிலிருந்து சுமந்துவர மாட்டார், பக்கத்தில் கிடைப்பதைத்தான் எடுப்பார். ஆகவே பருக்கை எந்தப் பாறை என்று தெரிந்தால், நிலவியல் வரைபடத்தை விரித்து இது எந்தப் பக்கத்து மண் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வேலை நடப்பது இப்படி. ஓட்டிலிருந்து ஒரு சீவலை வைர ரம்பத்தால் அறுப்பார்கள். மண் உதிராமல் இருக்கப் பிசின் ஊற்றி இறுக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் கனத்தில் பாறையே ஒளி புகும் பொருளாகிவிடும். போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் வைத்து மேடையைச் சுழற்றினால் ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய விதத்தில் நிறம் மாறும். குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாக, கால்சைட் வெளிறிய முத்து நிறத்தில். எரிமலைக் கண்ணாடி மட்டும் எப்படிச் சுழற்றினாலும் கறுப்பாகவே இருக்கும்.

ஒரு சீவலுக்கு நேரம் பிடிக்கும். ஷெப்பர்ட் கெட்டிக்காரத்தனமாக வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். முதலில் ஆயிரக்கணக்கில் ஓடுகளின் உடைந்த விளிம்பைச் சாதாரண இருகண் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வகை பிரிப்பது. பிறகு வகைக்குச் சில என்று தேர்ந்து சீவல் எடுப்பது. நாலு சீவலை வைத்துக்கொண்டு பெரிய கதை கட்டுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு, அவர் அந்த ரகம் இல்லை.

எழுத்தாணி

நல்ல இழை. கோட்டோவியத்துக்குக் கொஞ்சம் பக்கபலமாக நான்.

குவளைகளின் விளிம்பை ஒட்டி ஒரு வரி எழுத்து ஓடும், குவளைக்குக் குவளை அதே வரிசையில். மாயா ஆய்வாளர் மைக்கேல் கோ 1971-இல் நியூயார்க்கின் க்ரோலியர் கிளப்பில் நடத்திய கண்காட்சியை ஒட்டித்தான் இது வாய்பாடுபோல் திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனித்தார். இறந்தவர்களுக்கான மந்திரமாக இருக்கும் என்றும் நினைத்தார். பாதி சரி. 1980-களில் டேவிட் ஸ்டூவர்ட், ஸ்டீஃபன் ஹூஸ்டன் போன்றவர்கள் படித்துக் காட்டியபோது மந்திரம் கிந்திரம் ஒன்றும் இல்லை: இது இன்னாருடைய குவளை, இன்ன கக்காவ் (கொக்கோ பானம்) குடிப்பதற்கு, எழுதியவர் இன்னார். கிட்டத்தட்ட நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுதான்.

இதற்குச் சாட்சி குவாத்தமாலாவின் ரியோ அசூலில் கிடைத்தது. 1984-இல் ரிச்சர்ட் ஆடம்ஸ் குழு 19-ஆம் கல்லறையைத் திறந்தபோது, திருகு மூடியும் கைப்பிடியும் கொண்ட பானை ஒன்று இருந்தது. அதில் கக்காவ் என்ற எழுத்து இருப்பதை ஸ்டூவர்ட் படித்தார். பானைக்குள் ஒட்டியிருந்த கசடை ஹெர்ஷி நிறுவனத்தின் ஆய்வகம் சோதித்தது. கொக்கோவைக் காட்டிக்கொடுக்கும் தியோபுரோமின் என்ற பொருள் இருந்தது, கொக்கோதான். எழுத்தும் வேதியியலும் ஒன்றையே சொன்ன இடம் இது. ஆகவே ஓவியமா மண்ணா என்று கட்சி கட்டுவதே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டுச்சில்லு

எழுத்தாணி ஐயா, கட்சி கட்டினால்தானே நாலு பேர் பேச வருவார்கள்!

ஆனால் பாருங்கள், உங்கள் எடுத்துக்காட்டிலேயே சந்தேகத்தைத் தீர்த்தது கசடுதான்.

கோட்டோவியம், ஷெப்பர்டுக்கு அழகு தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1948-இல் பானை அலங்காரத்தின் சமச்சீர் பற்றி ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். ஒரு பட்டையில் ஓர் உருவை மீண்டும் மீண்டும் வரையும்போது அதை நகர்த்தலாம், திருப்பலாம், கண்ணாடிபோல் பிரதிபலிக்கலாம். இவற்றை எப்படிச் சேர்த்தாலும் ஏழே வகைதான் வரும் என்பது படிகவியல் கணக்கு. எந்த மக்கள் எந்த வகையை விரும்பி வரைகிறார்கள், எதைத் தொடுவதே இல்லை என்று பார்த்தால் அவர்கள் கை பழகிய விதம் தெரியும் என்றார். உருவத்துக்கு என்ன பொருள் என்று ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிறகு டாரத்தி வாஷ்பர்ன் போன்றவர்கள் இதைப் பெரிதாக வளர்த்தார்கள்.

அதே 1948-இல்தான் பிளம்பேட் பானைகளைப் பற்றிய அவருடைய நூலும் வந்தது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த மாயா வேலை அதுதான். சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் உலோகம்போல் மினுங்கும் பானைகள் அவை. தட்டினால் கணீரென்று கேட்கும். கிழவர் முகம், வான்கோழி, மழைத்தெய்வம் என்று உருவப் பானைகளாகவும் செய்தார்கள். பெயரில் ஈயம் (லத்தீனில் பிளம்பம்) ஒட்டிக்கொண்டது, பானையில் ஈயம் கிடையாது. அந்த மினுமினுப்பு, நுண்ணிய களிமண் மேற்பூச்சு சூட்டில் பாதி கண்ணாடியாக உருகியதால் வந்தது. ஏறத்தாழ கி.பி. 900 முதல் 1200 வரை இந்தப் பானைகள் மத்திய மெக்சிகோவின் தூலா, யுகாத்தானின் சிச்சென் இட்ஸா, தெற்கே எல் சால்வடார் என்று எங்கும் போயிருக்கின்றன. எங்கும் கிடைப்பதால் அங்கங்கே செய்திருப்பார்கள் என்று நினைக்கலாம் அல்லவா? ஷெப்பர்ட் மண்ணைப் பார்த்துவிட்டு, இல்லை, எல்லாம் பசிபிக் கரையோரம், குவாத்தமாலாவும் மெக்சிகோவும் தொட்டுக்கொள்ளும் அந்தச் சிறு பகுதியிலிருந்து வந்தவை என்றார். பல பத்தாண்டுகள் கழித்து ஹெக்டர் நெஃப் அணு உலையில் வைத்து வேதியியல் அலசல் செய்து பார்த்தார். கிழவி சொன்ன இடமேதான்.

கோட்டோவியம்

"கிழவி" என்று சொல்லியிருக்க வேண்டாம் அக்கா, 1948-இல் அவருக்கு 45 வயதுதான். :)

சமச்சீர் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் அது வடிவக் கோலத்துக்குத்தான் ஒத்துவரும். கே511 போன்ற குவளையில் ஒரு கோடு இன்னொரு கோட்டைப் போல இருக்காது. அங்கே சமச்சீரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வழக்காடி

நீங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள். அந்தக் கே வரிசைக் குவளைகளில் எத்தனை முறையாகத் தோண்டி எடுத்தவை? மிகப் பெரும்பாலானவை திருடர்கள் கல்லறைக்குள் குடைந்து எடுத்து விற்றவை. எழுத்தாணி ஐயா சொன்ன ரியோ அசூலே திருடர்கள் குதறிப்போட்ட ஊர். ஆடம்ஸ் குழு போனபோது அவர்கள் வெட்டிய குழிகளுக்கு நடுவேதான் வேலை பார்த்தது. 1971-இல் மாயா கல்வெட்டு ஆய்வாளர் இயன் கிரஹாம் லா நாயா என்ற இடத்துக்குப் போனபோது திருடர்கள் சுட்டதில் அவருடைய வழிகாட்டி செத்தே போனார். ஒரு குவளைக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

கிளெமென்சி காகின்ஸ் 1969-இலேயே இந்தத் திருட்டை அம்பலப்படுத்தி எழுதினார். 1970-இல் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது. வடக்குக் குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதித் தொல்பொருளை அமெரிக்காவுக்குள் கொண்டுவர அவசரத் தடை போட்டது 1991-இல். இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில்தான் கண்காட்சி, படத்தொகுப்பு, எழுத்து வாசிப்பு எல்லாம் அமோகமாக நடந்தன. அறிஞர் ஒருவர் குவளையைப் படித்து இது இன்ன அரசனுடையது என்று சொன்ன மறுநாளே அதன் விலை ஏறுகிறது. அப்படியானால் அந்த வாசிப்புக்கு என்ன பெயர்?

ஷெப்பர்டை நான் மதிப்பது இதற்காகத்தான். ஓட்டுச்சில்லுக்குச் சந்தையில் விலை கிடையாது. அவர் எழுதியதைப் படித்துவிட்டு எந்தத் திருடனும் கடப்பாரையைத் தூக்கியிருக்க மாட்டான்.

எழுத்தாணி

வழக்காடி சொல்வதில் நியாயம் இருக்கிறது, முழுவதும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கோவின் கண்காட்சியில்தான் க்ரோலியர் ஏடும் வெளியே வந்தது. திருட்டுச் சரக்கு, போலி என்று பலர் பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்தார்கள். கடைசியில் 2018-இல் மெக்சிகோ அரசின் தொல்லியல் நிறுவனமே உண்மையானது என்று அறிவித்தது. மிஞ்சிய நான்கு ஏடுகளில் ஒன்று அது. ஒதுக்கியே வைத்திருந்தால்?

குவளையில் பேர் எழுதி வைத்த ஓவியரும் இருக்கிறார். ஆஹ் மக்ஸம், நரன்ஹோ என்ற மாயா நகரத்தின் அரச குடும்பத்தவர் என்று தன்னை எழுதிக்கொண்டவர். 8-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கண்டத்தில் கையெழுத்துப் போட்ட ஓவியர்! திருட்டுச் சரக்கு என்பதால் அவரைப் படிக்காமல் விட்டால், திருடனோடு சேர்ந்து நாமும் அவரை ஒருமுறை புதைக்கிறோம்.

வழக்காடி

ஐயா, கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குவளை எந்தக் கல்லறையில், யாருடைய தலைமாட்டில், வேறு எவற்றோடு இருந்தது என்பது போயே போய்விட்டது. அதைத் திருப்பித் தர ஸ்டூவர்டாலும் முடியாது. பெலீஸின் புவெனவிஸ்டா குவளையைப் பாருங்கள். 1988-இல் முறையாகத் தோண்டி எடுத்தது, ஓர் இளைஞனின் கல்லறையில். எழுத்தோ நரன்ஹோ அரசனுடைய பேரைச் சொல்கிறது. அப்படியானால் பெரிய ஊர் அரசன் சின்ன ஊர்ப் பிரபுவுக்குக் கொடுத்த பரிசு, அரசியல் கட்டு. இதே குவளை ஏலத்தில் வந்திருந்தால் நரன்ஹோவில் கிடைத்தது என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள், கதை தலைகீழாகியிருக்கும்.

ஓட்டுச்சில்லு

வழக்காடிக்கு ஒரு சபாஷ், புவெனவிஸ்டா சரியான எடுத்துக்காட்டு.

இடம் தொலைந்த குவளைக்கு இடத்தில் ஒரு பங்கையாவது மீட்டுத்தர முடியும் என்று முயன்றவர்கள் உண்டு. ஷெப்பர்டின் நேர் வாரிசுகள் என்றே அவர்களைச் சொல்வேன். ரொனால்ட் பிஷப், முதலில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், பிறகு ஸ்மித்சோனியனில். கூட டோரி ரீன்ட்ஸ்-புடே என்ற கலை வரலாற்று அறிஞர். குவளையின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு ஒரு சிட்டிகை மண்தூள் எடுத்து, அணு உலையில் நியூட்ரான் தாக்குதலுக்கு உட்படுத்தி, அரிதான தனிமங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தார்கள். பிறகு முறையாகத் தோண்டிய ஊர்களின் ஓடுகளோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் ஓவியப் பாணியைப் பார்த்துக் குழு பிரிப்பார், இன்னொருவர் வேதியியலைப் பார்த்து. இரண்டும் எங்கே ஒட்டுகிறது, எங்கே முட்டுகிறது என்பதுதான் ஆராய்ச்சியே.

கோட்டோவியம், உங்கள் கே511 வகையறாவுக்கு வருகிறேன். வெளிர் மஞ்சள் பரப்பில் கறுப்புக் கோடு, ஏட்டுப் பாணி என்பார்கள். எங்கே செய்தார்கள் என்று வெகுகாலம் ஆளுக்கொரு ஊர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வடக்குப் பெத்தேனில் நக்பே என்ற ஊரைத் தோண்டியபோது அதே பாணி ஓடுகள் கிடைத்தன. வேதியியலும் பொருந்தியது. 1991-இல் ஹான்சன், பிஷப், ஃபாசன் மூவரும் வெளியிட்டார்கள். காலைத் தட்டும் விரலை மைக்ராஸ்கோப் காட்டாது, சரி. அந்த விரலை வரைந்த பாணியின் ஊர்ப்பக்கம் எது என்பதை மண்தான் காட்டியது.

கோட்டோவியம்

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த ஓடுகளைச் சோதனைக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுத்தது பாணியைப் பார்த்த கண்தானே? கண் முன்னால் போகிறது, மண் பின்னால் வருகிறது.

இன்னொன்று, திருட்டுக் குவளைகளில் பல உடைந்து ஒட்டப்பட்டவை. ஒட்டியவர்கள் விட்டுப்போன இடத்தில் தங்கள் கைவரிசையைக் காட்டி வண்ணம் பூசியிருப்பார்கள். இல்லாத முகத்தை வரைந்துவிடுவார்கள். அதை முதலில் கண்டுபிடிப்பதும் கோட்டைப் பார்த்துப் பழகிய கண்தான்.

மெரினாக்காற்று

படிக்கப் படிக்கச் சுவையாக இருக்கிறது. ஒரு கேள்வி, மாயா நீலம் என்று ஒன்று சொல்கிறார்களே, அதற்கும் ஷெப்பர்டுக்கும் தொடர்பு உண்டா?

ஓட்டுச்சில்லு

உண்டு தம்பி, ஒரு முக்கியமான இடத்தில்.

சிச்சென் இட்ஸா சுவரோவியங்களில் இருந்த நீலத்தை 1931-இல் மெர்வின் முதலில் கவனித்தார். ஆயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் வெளுக்காதது, செறிந்த நைட்ரிக் அமிலம் ஊற்றினாலும் போகாதது. அவ்வளவு உறுதி என்றால் கனிமமாகத்தான் இருக்கவேண்டும் என்று எல்லோரும் தாமிரம், கோபால்ட் என்று தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. 1962-இல் ஷெப்பர்ட் வேறு வழி காட்டினார்: இது தாவரச் சாயம் களிமண்ணோடு பிணைந்ததாக இருக்கலாமே? 1966-இல் வான் ஓல்ஃபென் அதைச் செய்தே காட்டினார். அவுரிச் சாயத்தை பாலிகோர்ஸ்கைட் என்ற வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினார், அமிலத்துக்கு அசையாத நீலம் வந்தது. அந்தக் களிமண்ணின் நாரிழை போன்ற படிகத்தில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு, சாயம் அதில் சிக்கிக்கொள்கிறது. மாயாக்களின் அவுரி நம் ஊர் அவுரிக்குப் பங்காளிச் செடி, ஒரே பேரினம்.

எங்கே, எப்படிச் சூடாக்கினார்கள் என்பதற்கு டீன் ஆர்னால்ட் 2008-இல் ஒரு பதில் தந்தார். சிச்சென் இட்ஸாவின் பலிக்கிணற்றிலிருந்து 1904-இல் வாரி எடுத்த கிண்ணம் ஒன்று சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருந்தது. உள்ளே கோபால் (copal) என்ற மரப்பிசின் சாம்பிராணிக் கட்டி. அதில் அவுரியும் பாலிகோர்ஸ்கைட்டும் ஒன்றாக ஒட்டியிருந்தன. சடங்கில் சாம்பிராணி எரிகிற சூட்டிலேயே நீலம் விளைந்திருக்கிறது, பலியோடு கிணற்றுக்குள் போயிருக்கிறது. கிணற்றின் அடியில் 14 அடி கனத்துக்கு நீலச் சேறு கிடந்தது.

மெரினாக்காற்று

14 அடியா! சரி, இவ்வளவு செய்தவரின் பேர் ஏன் வெளியே தெரியவில்லை? பெண் என்பதாலா?

ஓட்டுச்சில்லு

அதுவும் இருக்கும். ஆனால் அதே கார்னெகியில் தத்தியானா புரொஸ்கூரியாக்கஃப் இருந்தார். பியெத்ராஸ் நெக்ராஸ் கல்வெட்டுகள் வானியல் அல்ல, அரசர்களின் வரலாறு என்று 1960-இல் காட்டி, மாயா ஆய்வையே திருப்பிப்போட்டவர். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். எனவே பெண் என்பது மட்டும் காரணம் ஆகாது. என் கணிப்பு, ஷெப்பர்டின் எழுத்தில் பெரும்பகுதி மற்றவர்களின் அகழாய்வு அறிக்கைக்குப் பின்னால் பின்னிணைப்பாகப் போனதுதான் வினை. பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்? ஆளும் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருந்த கார்னெகி அலுவலகத்தில் இல்லை, போல்டரில் தனியாக. 1958-இல் கார்னெகி தன் தொல்லியல் துறையையே மூடிவிட்டது. பாடம் எடுத்து மாணவர் பரம்பரை வளர்க்கிற பேராசிரியர் வேலையிலும் அவர் இல்லை.

ஆனால் 1956-இல் அவர் எழுதிய கையேடு இன்றும் பானை ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. எத்தனையோ மறுபதிப்பு கண்டது. மண் எப்படிச் சுருங்கும், மேற்பூச்சு எப்போது உரியும், பானையின் வடிவத்தை எந்தப் புள்ளிகளை வைத்து வரையறுப்பது எல்லாம் அதில் உண்டு. பீங்கான் ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கே அது உதவுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாணி

இந்த முறை நம் பக்கமும் வந்திருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைக்கும் ரூலெட் பானைகளை (உருளையால் வரிக்கோலம் பதித்தவை) ரோமானியச் சரக்கு என்றே முதலில் நினைத்தார்கள். விஷ்வாஸ் கோக்டே எக்ஸ்-கதிர் ஆய்வில் மண்ணைப் பார்த்துவிட்டு வங்காளத்தின் சந்திரகேதுகர், தம்லுக் பக்கம் என்று 1990-களில் எழுதினார். அந்த இடத்தை மறுத்து வாதம் இன்னும் ஓடுகிறது, அது தனி இழைக்கு உரியது.

பாறைக்கண்

நான் காத்திருந்த விஷயத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஷெப்பர்ட் போட்டுவிட்டுப் போன முடிச்சு ஒன்று இருக்கிறது.

யுகாத்தான், பெத்தேன், பெலீஸின் பெரும்பகுதி எல்லாம் சுண்ணாம்புப் பாறை. அங்கே குயவர் கையில் கிடைப்பது கால்சைட். அதைக் கலந்தால் சூட்டைப் பார்த்துத்தான் ஏற்றவேண்டும். 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏற்றினால் கால்சைட் சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பானை ஆறியபிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், மேற்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பிற்காலச் செவ்வியல் காலத்துப் பானைகளில், அதாவது கி.பி. 600-900, ஏராளமானவற்றில் ஷெப்பர்ட் பார்த்தது கால்சைட் அல்ல. எரிமலைச் சாம்பல்!

பக்கத்து எரிமலை எங்கே? குவாத்தமாலா மேட்டுநிலத்தில், பெத்தேனின் பெரிய மாயா நகரமான டிக்காலிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. தெற்கே. வண்டி இல்லை, மாடு இல்லை, எல்லாம் மனிதர் முதுகில். பானையாக வந்ததா? வடிவமெல்லாம் உள்ளூர் வடிவம், அன்றாடம் புழங்கும் பாத்திரத்திலும் சாம்பல் இருக்கிறது. சாம்பலை மூட்டை கட்டிச் சுமந்தார்களா? இத்தனை தலைமுறைக்கா? ஷெப்பர்ட் இரண்டு சாத்தியத்தையும் வைத்துவிட்டு, எதையும் அடித்துச் சொல்லவில்லை.

எல் பிலார் என்ற மாயா ஊரில் வேலை செய்த தொல்லியலாளர் அனபெல் ஃபோர்டும் எரிமலையியலாளர்களும் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்கள்: சாம்பல் வானத்திலிருந்து விழுந்தது. மேட்டுநில எரிமலைகள் அடிக்கடி வெடித்தன, காற்று வடக்கே கொண்டுவந்து கொட்டியது, குயவர்கள் வாரிக்கொண்டார்கள். சீவலில் பார்த்தால் கண்ணாடித் துணுக்குகள் குமிழி உடைந்த வளைவோடு, முனை மழுங்காமல் கூர்மையாக இருக்கின்றன. ஆற்றில் உருண்டு வந்த சாம்பல் அப்படி இருக்காது.

வழக்காடி

விழுந்தது என்றால் தரையில் படிவு இருக்கவேண்டுமே? எல் சால்வடாரின் இலொபாங்கோ வெடிப்பின் சாம்பலா?

பாறைக்கண்

குறுக்கு விசாரணை சரியான இடத்தில்தான். இலொபாங்கோவை 2020-இல் வந்த ஆய்வு கி.பி. 431-ஐ ஒட்டி வைக்கிறது. அதற்கு முன் வந்த ஒரு கணிப்பு 6-ஆம் நூற்றாண்டு என்றது. எதை எடுத்தாலும் அந்த ஒரு வெடிப்பு 8, 9-ஆம் நூற்றாண்டுப் பானைகளுக்குப் போதாது. குயவருக்குப் புதுச் சாம்பல் வந்துகொண்டே இருந்திருக்கவேண்டும்.

படிவு கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் உண்டு. அந்த வெப்பத்திலும் மழையிலும் எரிமலைக் கண்ணாடி சீக்கிரமே சிதைந்து ஸ்மெக்டைட் களிமண்ணாகிவிடும். பானைக்குள் சுட்டு அடைபட்டது மட்டும் தப்பியது. 2011-இல் டிக்காலின் பழைய நீர்த்தேக்கத்துச் சேற்றை டேங்கர்ஸ்லி குழு அலசியபோது ஸ்மெக்டைட்டும், முனை உடையாத ஸிர்கான் படிகங்களும் கிடைத்தன. சாம்பல் விழுந்திருக்கிறது என்பதற்கு நல்ல சான்று. குயவர்களுக்குப் போதுமான அளவு விழுந்ததா என்பது வேறு கேள்வி. எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. இத்தனை தடவை சாம்பல் கொட்டியிருந்தால் ஓர் ஓவியரோ கல்வெட்டோ அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டாமா? எழுத்தாணி ஐயாதான் சொல்லவேண்டும்.

எழுத்தாணி

கல்வெட்டுகளில் பேசுவது பிறப்பு, முடிசூட்டு, போர், சாவு. சாம்பல் மழை என்று நான் படித்ததில் எங்கும் வரவில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டுகளில் கொடும் வறட்சியைப் பற்றிய புலம்பலும் இல்லை, வறட்சி வந்ததோ உண்மை. அரசன் சொல்ல விரும்பாதது கல்லில் ஏறாது.

கோட்டோவியம்

அப்படியானால் என் கே511-இன் மண்ணிலும் சாம்பல் இருக்கலாமா?

பாறைக்கண்

துளையிட்டு எடுத்த தூளில் பருக்கையின் வடிவம் தெரியாது, தனிம அளவு மட்டும்தான் கிடைக்கும். அதற்குச் சீவல் வேண்டும். அந்தக் குவளையை அறுக்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. நக்பேயில் கிடைத்த உடைந்த ஏட்டுப் பாணி ஓடுகளில் பார்க்கலாம்.

நான் செய்தால் வேறொன்று செய்வேன். பானைக்குள் இருக்கும் கண்ணாடித் துணுக்கு ஒவ்வொன்றையும் எலக்ட்ரான் கற்றையால் தனித்தனியே அலசி, குவாத்தமாலா எரிமலைகள் ஒவ்வொன்றின் கலவையோடும் ஒப்பிடுவேன். ஒரே எரிமலை என்று வந்தால் யாரோ ஓர் இடத்தில் வெட்டிச் சுமந்திருக்கிறார்கள். நூற்றாண்டுக்கு ஓர் எரிமலை என்று மாறி மாறி வந்தால் வானத்திலிருந்து விழுந்தது. புதிதாக ஓடு தேடி அலையக்கூட வேண்டாம். ஷெப்பர்டின் ஓடுகளும் குறிப்புகளும் கொலராடோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.